உண்ணுதல் கோளாறுள்ள வளரிளம் பருவத்தினருக்கு இசையும் அதிர்வும்: எதற்கு உதவும், எங்கே நிறுத்த வேண்டும்?

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினைந்து வயது. அனோரெக்சியா நெர்வோசா (எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உண்பதைக் கடுமையாகக் குறைத்துக்கொள்ளும் நோய்) என்று மருத்துவர்கள் உறுதிசெய்த பிறகு, குடும்பத்தை மையமாகக் கொண்ட சிகிச்சையைப் பின்பற்றி வருகிறோம். அவள் என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பதை இப்போதைக்குப் பெற்றோராகிய நாங்களே முடிவுசெய்து, ஒவ்வொரு வேளையும் உடன் அமர்ந்து உண்ண வைக்கிறோம். எடை மெதுவாகத் தேறுகிறது.

ஆனால் தட்டை எடுத்து வைத்த பிறகு வரும் அரைமணி நேரத்தைக் கடப்பதுதான் எங்களுக்குப் பெரும்பாடாக இருக்கிறது. வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் அழுத்தி வைத்துக்கொள்வாள். கால் கட்டைவிரல்கள் தரையை உந்திக்கொண்டே இருக்கும். எழுந்து நடக்க வேண்டும் என்பாள், விடமாட்டோம் என்று தெரிந்தும் கேட்பாள். அந்த நேரத்தில் நாங்கள் சொல்லும் எந்தச் சொல்லும் அவளை எட்டுவதில்லை. பாட்டு மட்டும் சில நாட்களில் எட்டுகிறது.

இந்நிலையில் ஒரு நிலையத்தில், தாழ்ந்த சுருதியுள்ள ஒலிகளை மெத்தையின் வழியாக உடலுக்குள் செலுத்தும் அதிர்வுப் படுக்கையைப் பரிந்துரைத்தார்கள். தொடர்ந்து வந்தால் நோய் வேரோடு போய்விடும் என்றும், உணவு நேரக் கண்காணிப்பைப் படிப்படியாகக் கைவிடலாம் என்றும் சொன்னார்கள். பின்னால் சொன்னது எனக்கு அச்சத்தைத் தந்தது. இசை இந்நோயில் உண்மையில் என்ன செய்கிறது, அதிர்வு பாதுகாப்பானதா என்ற இரண்டையும் விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும். எடை, கலோரி எண்களை மட்டும் இங்கே யாரும் குறிப்பிட வேண்டாம். என் மகளோ, அவளைப் போன்ற வேறு பிள்ளைகளோ இதைப் படிக்கக்கூடும்.

அலைவரிசை (இசை சிகிச்சையாளர்)

நெய்தல் அவர்களுக்கு வணக்கம். கண்காணிப்பைக் கைவிடலாம் என்று யார் சொன்னாலும், அவர்கள் வேறு என்ன சொன்னாலும், அங்கேயே உரையாடலை முடித்துக்கொள்ளுங்கள். இந்நோய்க்கு முதல் மருந்து உணவுதான். இசை அந்த மருந்தை உட்கொள்ளவும் தாங்கிக்கொள்ளவும் துணைநிற்கும். அதன் இடத்தைப் பிடிக்காது. பல ஆண்டுகளாக இத்துறையில் பணிபுரியும் நான், என் தொழிலின் மீதுள்ள மதிப்பினாலேயே இதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட அந்த அரைமணி நேரத்தைப் பற்றித்தான் எங்கள் துறையில் ஓரளவு தெளிவான ஆய்வு ஒன்று உள்ளது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஜெனிபர் பிப் என்னும் இசை சிகிச்சையாளரும் உடன் ஆய்வாளர்களும், அனோரெக்சியா நோயாளிகள் உணவுக்குப் பின் இசை சிகிச்சைக் குழுவில் அமர்ந்தபோது இருந்த மனத்துயரத்தை, வழக்கமான ஆதரவு மட்டும் பெற்ற வேளைகளின் துயரத்தோடு ஒப்பிட்டார்கள். இசை இருந்த வேளைகளில் துயரம் கூடுதலாகக் குறைந்தது என்று 2015இல் வெளியிட்டார்கள். அங்கே நடந்தது வெறுமனே பாட்டுக் கேட்பது அன்று. சேர்ந்து பாடினார்கள், பாடல்களைத் தேர்ந்தெடுத்தார்கள், பாடல் வரிகளைப் பற்றிப் பேசினார்கள், பாடல் எழுதினார்கள்.

பாட்டுப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தனியே அமர வைப்பதற்கும் சிகிச்சையாளர் உடன் அமர்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. உணவுக்குப் பின் பதற்றத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடம் எடுத்த எடுப்பில் அமைதியான மெட்டை வாசித்தால், ‘என் நிலை இவருக்குப் புரியவில்லை’ என்றுதான் அவளுக்குத் தோன்றும். ஆகவே முதலில் அவளுடைய கால் உந்தும் வேகத்திலேயே கிட்டாரைத் தொடங்குவேன். அவள் என்னைப் பார்க்கமாட்டாள். ஆனாலும் இரண்டும் ஒரே வேகத்தில் போவதை அவள் உடல் கவனித்துவிடும். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக வேகத்தைக் குறைப்பேன். கால் கூடவே குறைந்தால் தொடர்வேன். குறையாவிட்டால் மீண்டும் அவள் வேகத்துக்கே போவேன். இதில் அவசரம் கூடாது. அரைமணி நேரம் முழுவதும் இதற்கே போனாலும் அது வீணான நேரம் அன்று, ஏனென்றால் அந்த அரைமணி நேரத்தில் உணவு உள்ளே தங்கியிருக்கிறது, அவளும் தனியாக இல்லை.

பாடல் எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனோரெக்சியா உள்ள வளரிளம் பருவத்தினர் சிகிச்சையின்போது எழுதிய பாடல்களை மெல்போர்னில் கத்ரினா மெக்ஃபெரனும் உடன் பணிபுரிந்தவர்களும் பகுத்து ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். அவற்றில் மேலோங்கி நின்ற கருப்பொருள் ‘நான் யார்’ என்னும் தேடல். நோயைப் பற்றி நேரடியாகக் கேட்டால் வாயை இறுக மூடிக்கொள்ளும் பிள்ளைகள், பாட்டின் மூன்றாவது அடியில் தங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறார்கள். பாட்டில் வருவது ‘நான்’ என்றாலும் அது பாட்டில் வருபவர்தானே என்று பின்வாங்கிக்கொள்ள இடம் இருப்பதால்தான் அந்தத் துணிவு வருகிறது என்று நினைக்கிறேன்.

பகல்நிலவு (வளரிளம் பருவத்தினர் பிரிவில் செவிலியர்)

நான் உடலின் பக்கத்திலிருந்து பேசுகிறேன். அதிர்வுப் படுக்கைக்கு அனுப்பும் முன் மகளின் இதயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

நீண்ட நாள் பட்டினியில் உடல் செலவைக் குறைத்துக்கொள்கிறது. இதயத் துடிப்பு மெதுவாகிறது, இரத்த அழுத்தம் தாழ்கிறது, உடல் வெப்பம் குறைகிறது. பகலில் நிமிடத்துக்கு 50க்குக் கீழும் இரவில் 45க்குக் கீழும் துடிப்பு இறங்குவதை, மருத்துவமனையில் சேர்ப்பது பற்றி முடிவெடுக்க வேண்டிய அடையாளங்களில் ஒன்றாக வளரிளம் பருவத்தினர் நலனுக்கான மருத்துவ வழிகாட்டல்கள் கூறுகின்றன. தாழ்ந்த அதிர்வுகளோ உடலைத் தளர்த்தவே பயன்படுத்தப்படுகின்றன. தளர்ச்சியோடு துடிப்பும் அழுத்தமும் இன்னும் இறங்கக்கூடும். பதற்றமும் உயர் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்கு அது நன்மை. ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் ஒரு பிள்ளை அந்தப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் மயங்கி விழலாம். எலும்பு அடர்த்தி குறைந்த உடலுக்கு ஒரு சாதாரண விழுதலும் முறிவாக முடியும்.

மீண்டும் உண்ணத் தொடங்கிய முதல் வாரங்களில் இரத்தத்தில் பாஸ்பேட் என்னும் தாது உப்பின் அளவு சரிந்து இதயமும் நரம்புகளும் பாதிக்கப்படும் அபாயம் தனியே உள்ளது. அந்தக் காலத்தில் எந்தப் புதிய கருவியையும் உடலில் பரிசோதிக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து.

மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2017இல் வெளியிட்ட உண்ணுதல் கோளாறு வழிகாட்டலையும் இங்கே குறிப்பிடுகிறேன். மண்டையோட்டின் வழியே காந்தத் தூண்டல், அக்குபங்சர், எடைப் பயிற்சி, யோகா, வெப்பமூட்டல் போன்ற உடல்சார் முறைகளை இக்கோளாறுகளுக்கான சிகிச்சையின் பகுதியாக அளிக்க வேண்டாம் என்று அது சொல்கிறது. படுக்கை வழியே அதிர்வைச் செலுத்துவதும் உடல்சார் முறைதான் என்பதால், அதை விற்பவர்கள்தான் ஆதாரத்தைக் காட்ட வேண்டும். அதைத் தேடி அலைவது பெற்றோரின் வேலை அன்று.

தும்பை (நோயிலிருந்து மீண்டவர்)

இங்கே பேசியவர்கள் எல்லாரும் இசையை நல்லது என்றே வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பதின்ம வயதில் இந்நோயோடு வாழ்ந்தவளாகச் சொல்கிறேன்: இசையை நோயும் பயன்படுத்திக்கொள்ளும்.

எனக்கு ஹெட்போன் ஒரு கதவாக இருந்தது. அதை மாட்டிக்கொண்டால் அம்மாவின் குரல் கேட்காது, பசியின் குரலும் கேட்காது. வேகமான பாடல்களை வரிசைப்படுத்தி, அந்த வரிசை முடியும்வரை நிற்காமல் நடப்பேன்; வரிசை நீண்டுகொண்டே போனது. இரவில் ஒரே சோகப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கேட்கும் முன் இருந்ததைவிடத் தாழ்ந்த மனநிலையில் உறங்குவேன். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கோ, பிள்ளை இசையில் ஆறுதல் தேடுகிறாள் என்று தோன்றியது.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். நான் முறையாக வாத்தியம் பயின்றவள். சிகிச்சையில் என்னை வாசிக்கச் சொன்னபோது, தவறின்றி வாசிக்க வேண்டும் என்ற பழைய சாட்டை மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. உணவில் இருந்த அதே கடுமை விரல்களுக்கு மாறியது, அவ்வளவுதான். எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு தோற்கருவியைச் சிகிச்சையாளர் கொடுத்த பிறகுதான், நன்றாக வாசிப்பது என்ற எண்ணமே இல்லாமல் ஒலி எழுப்ப முடிந்தது. நெய்தல் அவர்களே, உங்கள் மகள் எந்தப் பாட்டைக் கேட்கிறாள் என்பதைவிட, கேட்ட பிறகு எப்படி இருக்கிறாள் என்பதைக் கவனியுங்கள்.

அலைவரிசை

தும்பை அவர்கள் சொன்னதற்கு என் நன்றி. இது எங்கள் துறை தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம். வளரிளம் பருவத்தினர் இசையை நலமாகப் பயன்படுத்துகிறார்களா, நலத்தைக் கெடுக்கும்படி பயன்படுத்துகிறார்களா என்று அறிய, சுவி சாரிகல்லியோ, கிறிஸ்டியன் கோல்ட், கத்ரினா மெக்ஃபெரன் ஆகியோர் 13 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கி 2015இல் வெளியிட்டார்கள். மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பை முன்னரே உணர்வதற்காக அது அமைக்கப்பட்டது. மனிதர்களிடமிருந்து ஒளிந்துகொள்ள இசையைப் பயன்படுத்துவது, கேட்டபின் முன்பைவிட மோசமாக உணர்வது போன்றவற்றை அது கவனிக்கிறது. முதல் சந்திப்பில் பிள்ளையின் பிளேலிஸ்ட்டை நான் கேட்டு வாங்கும்போது, ஒவ்வொரு பாட்டையும் எந்த நேரத்தில், எந்த நிலையில் கேட்பார் என்றும் கேட்கிறேன். நடப்பதற்கென்று வைத்திருக்கும் பாடல்கள் அப்போது தெரிந்துவிடும். அவற்றைத் தடைசெய்வதில்லை, அமர்ந்தபடி, சேர்ந்து, ஒலியைக் குறைத்துக் கேட்கிறோம். பாட்டுக்கும் நடைக்கும் இருந்த முடிச்சு மெல்லத் தளர்கிறது.

நெய்தல்

தும்பை அவர்களின் சொற்கள் என்னை உலுக்கிவிட்டன. என் மகளிடமும் அத்தகைய நடைப் பாடல்கள் உண்டு. இன்றுதான் அவற்றின் பொருள் விளங்குகிறது.

பகல்நிலவு அவர்கள் சொன்னபின் படுக்கைக்கு அனுப்பும் எண்ணம் இல்லை. இருந்தாலும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ‘என் உடம்பு எனக்குத் தெரியவில்லை, பசிக்கிறதா நிரம்பிவிட்டதா என்றே தெரியவில்லை’ என்று அவள் அடிக்கடி சொல்கிறாள். உடலைத் தொட்டு உணரச் செய்யும் அதிர்வுக்கு இதில் எந்தப் பயனும் இல்லையா?

அலைவரிசை

உங்கள் மகள் சொல்வது இந்நோயின் மையமான ஒன்று. உடலுக்குள்ளிருந்து வரும் செய்திகளான பசி, நிறைவு, இதயத் துடிப்பு, மூச்சு ஆகியவற்றை உணர்வதும் பொருள்கொள்வதும் உண்ணுதல் கோளாறுகளில் குழம்பிப்போகின்றன. போதாக்குறைக்கு, பட்டினிக்குப் பழகிய இரைப்பை மெதுவாகவே காலியாகிறது என்பதால், சிறிதளவு உண்டாலும் வயிறு நெடுநேரம் கனக்கிறது. அவள் வயிற்றை அழுத்திக்கொள்வது வெறும் கற்பனையால் அன்று.

அதிர்வைப் பற்றிப் பேசும்போது மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒரே பெயரில் உலவுகின்றன. நார்வேயைச் சேர்ந்த ஓலாவ் ஸ்கில்லே உருவாக்கிய முறையில், ஏறத்தாழ 30 முதல் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரையிலான தாழ்ந்த ஒலி, படுக்கையிலோ நாற்காலியிலோ பொருத்திய ஸ்பீக்கர்களின் வழியே இசையுடன் சேர்ந்து உடலை அடைகிறது. பிரிட்டனில் டோனி விக்ரம் இதை 1990களில் முறையாக ஆராய்ந்தார். தசை இறுக்கம் மிகுந்த மூளை முடக்குவாத நோயாளிகளும் அவர் ஆய்வில் இருந்தார்கள். உண்ணுதல் கோளாறுக்காகத் தோன்றிய முறை அன்று. இதயமுடுக்கி பொருத்தியவர்கள், இரத்தப்போக்கோ இரத்தக்கட்டியோ உள்ளவர்கள், மனச்சிதைவு நிலையில் இருப்பவர்கள் ஆகியோருடன், இரத்த அழுத்தம் தாழ்ந்தவர்களுக்கும் இம்முறையில் எச்சரிக்கை உண்டு. பகல்நிலவு சொன்னது இம்முறையின் விதிகளுக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாவது, நின்றுகொண்டு முழு உடலையும் அதிர வைக்கும் மேடை. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அனோரெக்சியா பிள்ளைகளின் எலும்புத் தேய்மானத்தைத் தடுக்க, மிகக் குறைந்த விசையுள்ள மேடைகளை ஆய்வாளர்கள் பரிசோதித்திருக்கிறார்கள். அது எலும்பு பற்றிய ஆய்வு. மனத்தைப் பற்றியது அன்று. உடற்பயிற்சிக் கூடங்களில் இருக்கும் வலுவான மேடைகள் வேறு. கட்டாய உடற்பயிற்சியில் சிக்கிய பிள்ளைக்கு அவை உடற்பயிற்சியின் இன்னொரு வேடமாகிவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு நம்பிக்கை தருவது: மின்சாரமே தேவைப்படாத அதிர்வு. தோலின் ஆழத்தில் உள்ள பசினியன் உணர்முனைகள் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளை மிக நுட்பமாக உணர்கின்றன. அதைவிடத் தாழ்ந்த நடுக்கத்தை மேலடுக்கில் உள்ள மைஸ்னர் முனைகள் உணர்கின்றன. கிட்டாரின் மரத்தைத் தோளோடு அணைத்து ஒரு தந்தியை மீட்டினாலோ, வாயை மூடிக்கொண்டு நெஞ்சில் கை வைத்து முனகினாலோ இந்த உணர்முனைகளுக்கு வேலை கிடைக்கிறது. வட்டமான தோற்கருவியை முழங்கால்மேல் வைத்து, ஒரு கை தட்ட, மறு கை தோலின் அடிப்பக்கத்தைத் தொட்டிருக்கட்டும். ஒலி எப்போது மறைகிறது, உள்ளங்கையில் துடிப்பு எப்போது மறைகிறது என்று கவனிக்கச் சொல்வேன். பெரும்பாலும் காதில் ஓய்ந்த பிறகும் கையில் சிறிது தங்கியிருக்கும். ‘எங்கே உணர்கிறாய், இன்னும் இருக்கிறதா’ என்ற கேள்விகள் உடலைப் பற்றியவைதான். ஆனால் உடலின் அளவையோ தோற்றத்தையோ தொடுவதில்லை. தட்டுவதும் நிறுத்துவதும் பிள்ளையின் கையில் இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். படுக்கையில் கிடப்பவருக்கு வேறு யாரோ அதிர்வைச் செலுத்துகிறார்கள்.

முதல் நாளில் கையோடு நிறுத்திக்கொள்வேன். வயிற்றுக்கு அருகே கொண்டுபோவதைப் பிள்ளையே கேட்கும் வரை செய்யமாட்டேன். உடல்சார்ந்த வன்முறைக்கு ஆளான பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள்.

கீழ்வானம் (உளவியல் துறையினர்)

அலைவரிசை அவர்களின் விளக்கம் அழகானது. ஆயினும் ஆதாரத்தின் எடையை உள்ளபடி சொல்ல வேண்டும். உணர்முனைகள் அதிர்வை உணர்கின்றன என்பது உடலியல் உண்மை. அதனால் பசியுணர்வு திரும்பும் என்பது நல்ல ஊகம், அவ்வளவே. ஜெனிபர் பிப் குழுவின் 2015 ஆய்வும் ஒரே இடத்தில் நடந்த சிறிய ஆய்வு. அது அளந்தது உணவுக்குப் பிந்தைய துயரத்தை. துயரம் குறைந்ததையும் நோய் குணமானதையும் ஒன்றாகக் கருதக் கூடாது.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வில், உடல்நலமும் மனநலமும் உள்ள 36 ஆண்கள் அரைப்பட்டினியில் வைக்கப்பட்டார்கள். உணவைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் நூல்களைப் படித்தார்கள், எரிச்சலும் சோர்வும் கொண்டு நண்பர்களிடமிருந்து விலகினார்கள். பட்டினியே மூளையை இப்படி மாற்றும் என்றால், பட்டினி தீராமல் எந்தக் கலையும் ஓர் எல்லைக்குமேல் உள்ளே போகாது. வாரத்தில் குடும்பத்துக்கு இருக்கும் நேரமும் தெம்பும் அளவானவை. அவற்றில் ஒரு பகுதியை இசை எடுத்துக்கொள்ளும்போது, உணவு மேசையிலிருந்து எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தும்பை

கீழ்வானம் அவர்கள் சொல்வதன் முதற்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எடை தேறிய பிறகு இசையைத் தரலாம் என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். மேசையில் நான் தினமும் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், எல்லாரும் என் தட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாரம் ஒருமுறை அந்த அறையில் மட்டும், என் தட்டைப் பற்றிக் கேட்காத ஒருவர் என்னை எதிர்பார்த்திருந்தார். அது குணப்படுத்தியதா என்று கேட்டால், உணவுதான் குணப்படுத்தியது. உண்பதற்கு ஒரு காரணம் எனக்கு எஞ்சியிருந்ததற்கு அந்த அறையும் ஒரு காரணம்.

கீழ்வானம்

தும்பை அவர்களே, ஏற்கிறேன். ‘பிறகு’ என்று நான் எழுதவில்லை, ஆனால் அப்படிப் படிக்க என் எழுத்து இடம் கொடுத்திருந்தது. இரண்டும் உடன்நிகழ வேண்டும். எது எதற்குத் துணை என்பதில் மட்டும் குழப்பம் கூடாது.

பகல்நிலவு

நெய்தல் அவர்களே, இசை சிகிச்சையாளரைத் தேடும்போது சில கேள்விகளை நேரடியாகக் கேளுங்கள். இசை சிகிச்சையில் முறையான பயிற்சி பெற்றவரா? நன்றாகப் பாடுவதோ வாசிப்பதோ போதாது. உண்ணுதல் கோளாறு உள்ள பிள்ளைகளோடு பணிபுரிந்தவரா? உங்கள் சிகிச்சைக் குழுவோடு தொடர்பில் இருக்கச் சம்மதிப்பாரா? மகள் மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, தலைசுற்றல் என்று சொன்னால் அமர்வை நிறுத்தி உங்களை அழைப்பாரா? கடைசிக் கேள்விக்குத் தயக்கத்தோடு பதில் வந்தால் வேறொருவரைப் பாருங்கள். அமர்வுக்காக ஒரு வேளை உணவோ சிற்றுண்டியோ தள்ளிப்போகாதபடி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சிகிச்சையாளர் கிடைக்கும் வரை வீட்டில் நீங்களே செய்யக்கூடியது உண்டு: உணவுக்குப் பின் ஹெட்போனுக்குப் பதில் அறையில் ஒலிக்கும் ஸ்பீக்கர். மகள் ஒரு பாட்டு, நீங்கள் ஒரு பாட்டு என்று மாறி மாறி. நீங்கள் தேர்ந்தெடுத்தது அவளுக்குப் பிடிக்காவிட்டால் சொல்லட்டும். அந்த வாக்குவாதம் உணவைப் பற்றியது அன்று என்பதே ஒரு நன்மை.

நெய்தல்

அனைவருக்கும் நன்றி. வரும் பரிசோதனையின்போது மருத்துவரிடம் இ.சி.ஜி. அறிக்கையையும், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் எடுத்த இரத்த அழுத்தக் குறிப்புகளையும் கேட்டு வாங்கி, இசை சிகிச்சையைத் தொடங்கலாமா என்று அவர் சம்மதத்தோடு முடிவுசெய்கிறோம். அதிர்வுப் படுக்கை வேண்டாம் என்று அந்த நிலையத்துக்குச் சொல்லிவிட்டேன்.

நடைப் பாடல்களைப் பற்றி நேற்று மகளிடம் கேட்டேன். முதலில் கோபம் கொண்டாள். பிறகு, அந்த வரிசையில் ஒரு பாட்டு மட்டும் நோய் வருவதற்கு முன்பிருந்தே தனக்குப் பிடித்தது, அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அமர்ந்து, ஸ்பீக்கரில், என்னோடு சேர்ந்து கேட்பதென்றால் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. அலைவரிசை அவர்களே, உங்களிடம் ஒரு கேள்வி: அந்தப் பாட்டுக்கு அவள் கால் மறுபடி வேகமாக உந்தத் தொடங்கினால் பாட்டை நிறுத்த வேண்டுமா, தொடர விட வேண்டுமா?

அலைவரிசை

நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் அந்தப் பாட்டு தண்டனையாகிவிடும். அவள் அருகே அமர்ந்து, அதே தாளத்தை உங்கள் கையால் மேசைமேல் அவள் வேகத்திலேயே தட்டுங்கள். அவளையும் தட்டச் சொல்லுங்கள். கையில் வேலை வந்ததும் கால் பெரும்பாலும் தணியும். பாட்டு முடிந்தபின் அடுத்தது உங்கள் முறை. சற்று மெதுவான ஒன்றை முன்கூட்டியே தேர்ந்து வைத்திருங்கள். எழுந்தே தீர வேண்டும் என்று அவள் துடித்தால் அன்றைக்கு இசையை விட்டுவிட்டு, உங்கள் குழு சொல்லித்தந்தபடி உடன் இருங்கள். எந்த நேரத்தில், எந்தப் பாட்டுக்குப் பிறகு அப்படி ஆயிற்று என்று குறித்துவைத்து, சிகிச்சையாளரிடம் முதல் சந்திப்பிலேயே கொடுங்கள்.